எண்ணிக்கையும் உற்பத்தியும்: கால்நடைக் கணக்கெடுப்புகள் உணர்த்தும் மாற்றம்

முன்னுரை

இந்தியாவில் கால்நடைக் கணக்கெடுப்பு 1919–20இல் தொடங்கியது. இருபதாவது கணக்கெடுப்பு 2019இல் நடைபெற்றது. கால்நடைவளத்தை மொத்த எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிடும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆயின் எண்ணிக்கையும் உற்பத்தியும் ஒரே அளவில் வளர்வதில்லை. மொத்த எண் மறைப்பதை உட்பிரிவு எண்களே புலப்படுத்துகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பாலும் மாடும்

1951இல் 15.53 கோடியாக இருந்த மாடுகள் 2019இல் 19.25 கோடியாயின, உயர்வு கால் பங்கினும் குறைவு. இதே காலத்தில் எருமைகள் 4.34 கோடியிலிருந்து 10.98 கோடியாயின. பால் உற்பத்தியோ 1950–51இல் 1.7 கோடி டன்; 2018–19இல் ஏறத்தாழ 18.8 கோடி டன். அதாவது, பதினொரு மடங்கு. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம், கூட்டுறவுக் கொள்முதல், செயற்கைமுறைக் கருவூட்டல், கலப்பினப் பெருக்கம் ஆகியன ஒரு மாட்டிடமிருந்து பெறும் பாலின் அளவை உயர்த்தின.

மொத்த எண் மறைப்பவை

2012க்கும் 2019க்கும் இடையில் நாட்டின் மாடுகள் 19.09 கோடியிலிருந்து 19.25 கோடியாக மட்டுமே மாறின. மேலோட்டமாக நோக்கின் இது தேக்கநிலை. ஆனால் பசுவினம் 12.30 கோடியிலிருந்து 14.51 கோடியாக உயர, காளையினம் 6.79 கோடியிலிருந்து 4.74 கோடியாகச் சரிந்தது. அயலின, கலப்பின மாடுகள் 26.9 விழுக்காடு கூடின. நாட்டினங்கள் 6 விழுக்காடு குறைந்தன. டிராக்டர் உழவைக் கைக்கொண்டபின் காளையை வளர்க்கும் செலவுக்கு ஈடான பயன் குன்றியது. மாடு உழவுத்துணை என்னும் நிலையிலிருந்து பாலுக்குரிய விலங்கு என்னும் நிலைக்கு மாறியதே இவ்வெண்கள் சுட்டும் பொருள்.

தமிழகப் போக்கு

நாடளவில் எருமைகள் சற்றுக் கூடிய அதே ஏழாண்டுகளில் தமிழகத்தில் அவை 7.80 இலட்சத்திலிருந்து 5.19 இலட்சமாகக் குறைந்தன. மாடுகள் 88.14 இலட்சத்திலிருந்து 95.19 இலட்சமாயின. எருமை காலந்தாழ்த்திப் பருவமடைவது. வெப்பத்தைத் தாங்க நீர்நிலை வேண்டுவது. கலப்பினப் பசுவைக் கொட்டகையில் கட்டி வளர்க்கலாம். விருத்தாசலம் போன்ற வட்டாரங்களில் வைக்கோலும், மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையின் கொடியும் அதற்குத் தீவனமாகின்றன.

வெள்ளாடுகள் 81.43 இலட்சத்திலிருந்து 98.89 இலட்சமாயின, செம்மறிகள் 47.87 இலட்சத்திலிருந்து 45 இலட்சமாயின. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டம் ஒரு காரணமாகலாம். எனினும் அத்திட்டத்தில் செம்மறியும் அடங்கியிருந்தமையால் அது மட்டுமே விளக்கமாகாது. வெள்ளாடு வேலியோரத் தழையையும் உண்டு வாழும். செம்மறிக்குப் புல்வெளி இன்றியமையாதது. மேய்ச்சல் நிலம் சுருங்குவதை இவ்வேறுபாட்டோடு சேர்த்து ஆராய்தல் தகும்.

முடிவுரை

உற்பத்திப் புள்ளிவிவரம் பால், முட்டை, இறைச்சி, கம்பளி ஆகியவற்றை அளக்கிறது. காளையின் உழைப்பு அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. ஆகவே உற்பத்தி உயர்வை மட்டும் நோக்குவோர்க்கு உம்பளச்சேரி, காங்கேயம் முதலிய உழைப்பினங்களின் இழப்பு புலப்படாது. கலப்பினப் பசு மிகுதியான பால் தரினும் தீவனச் செலவும் நோய்ப் பராமரிப்பும் மிகுதி. அச்சுமை சிறு உழவரையே சாரும். எனவே கால்நடை ஆய்வுகள் மொத்த எண்ணிக்கையைத் தொடக்கமாகக் கொண்டு, இனம், பால், பயன்பாடு எனப் பகுத்து ஆராய்வதே உண்மைநிலையை உணர்த்தும்.