சிறிய உடலுக்குப் பொருந்தும் துப்பாக்கி

பறக்கும் தட்டைச் சுடும் விளையாட்டு ஆடவர்க்கு மட்டும் உரியதன்று. 2018ஆம் ஆண்டு கோல்டு கோஸ்டில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுகளில், பெண்களுக்கான இரட்டை டிராப் பிரிவில் ஷ்ரேயசி சிங் தங்கப் பதக்கம் வென்றார். தில்லி துக்ளகாபாத்தில் 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுகளுக்கென எழுந்த சுடுகளம் போன்றவற்றைக் கண்டு, நம்மவர் வீட்டுப் பெண்களும் பயில விரும்புதல் இயல்பே. ஆயினும், தந்தைக்கு அமைந்த துப்பாக்கியே மகளுக்கும் போதும் என்று கொள்வோர் உளர். கன்னம் கன்றித் தோள் நொந்து அவள் விளையாட்டையே துறந்தால், பழி அவள் மீது விழுகிறது, குற்றமோ கட்டையினுடையது.

விசையிலிருந்து கட்டையின் அடிவரை உள்ள நீளமே முதலில் கவனிக்கத்தக்கது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு மேற்பட்டவை. ஐந்தடி உயரமுள்ளவர்க்கு ஏறத்தாழ 13 அங்குலம் போதும். நீளம் மிகுந்தால் கட்டை அக்குளில் சிக்கும். உடல் பின்னே சாயும். மிகக் குறைந்தாலோ, சுடும்போது கட்டைவிரல் மூக்கில் மோதும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்தபின், கண்ணை மூடித் தோளில் ஏற்றுக. மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் இடையே இரண்டு மூன்று விரலிடை இருப்பின் நன்று. முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து அளக்கும் வழக்கத்தை நான் நம்புவதில்லை. அது கழுத்தையும் தோளையும் அளப்பதில்லை. தில்லிக் குளிரில் கம்பளிச் சட்டை அணிந்தால், கோடையில் பொருந்திய கட்டையும் நீண்டுவிடும்!

இவ்வகைத் துப்பாக்கிக்குச் சுடுபவர் கண்ணே பின்குறி. கன்னம் தாழ்ந்து அமைந்தால் ரவை இலக்கின் கீழே செல்லும். உயர்ந்தால் மேலே செல்லும். கழுத்து நீண்ட பெண்களுக்குக் கன்னம் படியும் மேல்விளிம்பு சற்று உயர்ந்திருத்தல் வேண்டும். கட்டையின் கீழ்முனை மார்பில் குத்தாதபடி அடிப்பகுதியின் சாய்வையும் திருத்தவேண்டும்.

இலேசான துப்பாக்கியே சிறியவர்க்கு நலம் என்பது பாதி உண்மை. ஒரே தோட்டாவுக்கு, எடை குறைந்ததே மிகுதியாக உதைக்கும். உதைப்புக்கு அஞ்சி 410 போர் வாங்குவதும் தக்கதன்று. அதன் சிறு தோட்டாவில் ரவை சுமார் 14 கிராமே. ஒலிம்பிக் போட்டியில் 12 போருக்கு 24 கிராம் வரை இடமுண்டு. ரவை குறைந்தால் தட்டு தப்பும், பயில்பவர் சோர்வர். 20 போரில் மெல்லிய தோட்டா இட்டுத் தொடங்குதல் நடுவழி.

வளரும் பிள்ளைக்கெனக் கட்டையைக் குறைத்தால், அறுத்த துண்டை எறியாது வைத்திருங்கள். பின்னர் மீண்டும் பொருத்தலாம். உரிமம் பெற்ற தொழிலாளியிடமே இவ்வேலையைக் கொடுக்கவேண்டும். குழலை மட்டும் தொடவேண்டா; அதற்குரிய உரிமமின்றிக் குழலைக் குறைப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமாகும்.