மோர்த் தண்ணீரில் வாழைப்பூ

காரைக்குடிப் பக்கம் வாழைப்பூ ஆய உட்கார்ந்தால் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வார்கள். பக்கத்தில் மோர் கலந்த தண்ணீர் இருக்கும். அரிந்ததை உடனே அதில் போடாவிட்டால் கறுத்துவிடும். பூவிலுள்ள பீனால் வகைப் பொருள்களை அதே பூவிலுள்ள ஒரு நொதி, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு குயினோன்களாக மாற்றுகிறது. அவை ஒன்றோடொன்று பிணைவதால் வருவதே அந்தக் கறுப்பு. மோரின் புளிப்பு நொதியை மந்தமாக்கிவிடுகிறது.

அடுப்படியில் தடுக்கும் இந்த வேலையை வேண்டுமென்றே நடத்தி, தண்ணீரில் பீனால் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நொதி உணரி. காளானிலிருந்து எடுத்த டைரோசினேஸ் என்னும் நொதியைக் கரி மின்முனையின் மேல் மெல்லிய படலமாகப் பதிக்கிறார்கள். நீரில் பீனால் இருந்தால் நொதி அதை முதலில் கேட்டகோல் என்னும் சேர்மமாக்கி, பிறகு குயினோனாக்கும். மின்முனை லேசான எதிர்மின் அழுத்தத்தில் இருப்பதால் குயினோன் அங்கே எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு மறுபடி கேட்டகோலாகிவிடும். நொதி அதை விடாது; திரும்பவும் குயினோனாக்கும். ஒரே மூலக்கூறு இப்படிப் பல நடை போய்வருகிறது. ஒவ்வொரு நடைக்கும் எலக்ட்ரான் செலவு. அந்த மின்னோட்டத்தை அளந்தால் பீனாலின் அளவு தெரிந்துவிடும். இந்தக் கருவியில் என்னைக் கட்டிப்போட்ட இடம் இதுதான். துளி பீனால்கூடத் தன்னைப் பெருக்கிக் காட்டிவிடுகிறது.

அந்த நுட்பம் தேவைதான். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, பீனால் சேர்மங்கள் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பீனால் கலந்த நீரில் குளோரின் போட்டால் மருந்து வாடை அடிக்கும். வழக்கமான சோதனைக்கு நீரை ஆய்வகம் கொண்டுபோய், வாலையில் வடித்து, நிறமேற்றிப் பார்க்க வேண்டும். ஊருணிக் கரையிலேயே பார்க்க முடிந்தால் எவ்வளவு நல்லது!

நொதியையும் மின்முனையையும் சேர்க்கும் வழியை 1962இல் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் காட்டினார். சர்க்கரை அளக்கும் கருவி அந்த வழியில் வந்ததே. இப்படி மின்முனைகளை ஆராயும் மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி அது.

சிக்கல் இல்லாமல் இல்லை. குயினோன்கள் பிணைந்தால் வாழைப்பூக் கறை மின்முனையிலும் படிந்து மின்னோட்டம் குறையும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் போன்ற படலங்களில் நொதியைப் பொதிந்து, கரி நுண்குழாய்களைச் சேர்த்து மின்முனையை மேம்படுத்தப் பார்க்கிறார்கள். அதைவிடப் பெரிய தொல்லை வெப்பம். நொதி ஒரு புரதம், சூட்டில் வலுவிழந்துவிடும். காரைக்குடிச் சித்திரை வெயிலில் ஊருணிக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால், இன்றைக்கு இந்த மின்முனையோடு ஓர் ஐஸ் பெட்டியும் கூடவே போக வேண்டியிருக்கிறது.