பெட்டி எங்கே வருகிறது?

அட்டைப்பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டிய நைலான் கயிறு. நான்கு பக்கமும் கறுப்பு மார்க்கரில் பெயர், தகப்பனார் பெயர், ஊர், மாவட்டம், பின்கோடு. தொண்ணூறுகளில் வளைகுடாவிலிருந்து சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் வந்து இறங்கிய நம் ஊர்க்காரர்களின் பெட்டிகள் இப்படித்தான் இருந்தன. உள்ளே போர்வை, கோடாலித் தைலம், டேப் ரெக்கார்டர், பிள்ளைகளுக்கு மிட்டாய். இரண்டு வருட உழைப்பு அந்த அட்டைக்குள் அடங்கியிருந்தது.

வேன் பிடித்து வந்த குடும்பம் வெளியே கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே வந்திறங்கியவர் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். வரும் பெட்டிகள் குறையும். கடைசியில் பெல்ட்டும் நின்றுவிடும். அவருடையது மட்டும் வந்திருக்காது.

கவுண்டரில் ஒரு படவரிசையை நீட்டுவார்கள். சூட்கேஸ், பை, அட்டைப்பெட்டி என்று வரைந்திருப்பதில் எது உங்களுடையது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். படிவம் எழுதிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு பிள்ளைகள் முன் போய் நிற்க வேண்டும். பெட்டி ஏறவே இல்லையா, வழியில் மாறும் இடத்தில் தங்கிவிட்டதா, வேறு ஊருக்குப் போய்விட்டதா? படிவத்தை வாங்கிக்கொண்டவருக்கும் அது தெரியாது. கவுண்டரில் ஒப்படைத்த நொடியிலிருந்து பெல்ட்டில் வந்து விழும்வரை பெட்டியின் பயணம் இருட்டில்தான் நடந்தது.

அந்த இருட்டு உயிர்களையும் வாங்கியது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி, அதிலிருந்த 329 பேரும் இறந்தார்கள். வான்கூவரில் ஒப்படைக்கப்பட்ட ஒரு பெட்டிக்குள் குண்டு இருந்தது. பெட்டி ஏறியது, அதைக் கொடுத்தவர் ஏறவில்லை. பயணி ஏறாவிட்டால் அவர் பெட்டியும் ஏறக்கூடாது என்ற விதி அதற்குப் பிறகுதான் பன்னாட்டுப் பயணங்களில் இறுகியது. ஆனால் எந்தப் பெட்டி யாருடையது என்று நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே உடனே சொல்ல வழி வேண்டுமே.

இன்று கைப்பிடியில் ஒட்டும் தாளில் பார்கோடும் 10 இலக்க எண்ணும் இருக்கின்றன. அதில் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும், கடைசி ஆறு அந்தப் பெட்டிக்கே உரியவை. விமான நிறுவனங்களின் பன்னாட்டு அமைப்பான அயாட்டாவின் 753ஆம் தீர்மானம் 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பயணியிடமிருந்து வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, வேறு விமானத்துக்கு மாற்றும்போது, திருப்பிக் கொடுக்கும்போது என நான்கு இடங்களில் பெட்டியைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது அது.

பார்கோடுக்கு ஒரு குறை உண்டு. தாள் கசங்கினாலும் பெட்டிக்கு அடியில் சிக்கினாலும் கருவியின் கண்ணில் படாது. அதனால் சில விமான நிலையங்களும் நிறுவனங்களும் தாளுக்குள்ளேயே ஒரு சிறு சில்லை வைக்கின்றன. பெட்டி எப்படிக் கிடந்தாலும் ரேடியோ அலை அதைப் படித்துவிடும். 2016இல் டெல்டா நிறுவனம் இதைத் தன் விமானங்களில் பெரிய அளவில் கொண்டுவந்தது.

பலன் கணக்கில் தெரிகிறது. விமானத்துறைக்குத் தகவல் தொழில்நுட்பம் வழங்கும் சீட்டா நிறுவனத்தின் கணக்குப்படி, 2007இல் ஆயிரம் பயணிகளுக்கு 18.88 பெட்டிகள் தாமதமாயின, சேதமாயின அல்லது தொலைந்தன. 2024இல் அது 6.3. இடையில் குறைந்திருந்த அது 2022இல் 7.6 ஆக ஏறியது. கொரோனாவில் வேலையிழந்து போன சுமைப் பணியாளர்களின் இடம் நிரம்புவதற்குள் பயணிகள் திரும்பிவிட்டார்கள். கருவி எவ்வளவுதான் படித்துச் சொன்னாலும் பெட்டியைத் தூக்கி வைக்க ஒரு கை வேண்டும் என்பதை அந்த ஆண்டு காட்டியது. எந்திரத்தை மட்டும் நம்பியதற்கான விலையை அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம் முன்பே கொடுத்திருந்தது. தானியங்கிப் பெட்டி அமைப்பு சரிவர இயங்காததால், அந்த விமான நிலையம் 16 மாதம் தாமதமாக 1995 பிப்ரவரியில்தான் திறந்தது.

நான் பெரிதாக மதிக்கும் மாற்றம் வேறு. இன்று பெட்டி வராவிட்டால், “தோஹாவில் இருக்கிறது, நாளைக் காலை விமானத்தில் வரும்” என்று கவுண்டரில் சொல்ல முடிகிறது. பெட்டிக்குள் சிறு டிராக்கர் போட்டவர் அதைத் தன் போனிலேயே பார்த்துவிடுகிறார். பெட்டி தாமதமாகலாம். ஆனால் எங்கே என்ற கேள்விக்குப் பதில் உண்டு. பதில் இருப்பதால் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் வழியில்லை. அன்று முழுக்கப் பயணியின் தலையில் இருந்த பாரம், இன்று பெட்டியை வாங்கிக்கொண்டவர்களின் தோளுக்கு மாறியிருக்கிறது.

இன்றும் வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளில் மார்க்கர் எழுத்தைப் பார்க்கலாம். அதை அழிக்கச் சொல்ல மாட்டேன். ஒட்டிய தாள் கிழிந்துபோனால், வெளியே காத்திருக்கும் பிள்ளைகளிடம் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த ஊர்ப்பெயர்தான்.