சிக்கன விலையில் விளையாட்டுக் கணிப்பொறி

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த பிள்ளை ஒன்று இருக்குமாயின், அவ்வீட்டில் ஒரு கோரிக்கை எழுவது இந்நாளில் இயல்பாகிவிட்டது. பாடத்திற்கும் உதவவேண்டும், விளையாட்டுகளும் தடையின்றி ஓடவேண்டும், அத்தகைய கணிப்பொறி ஒன்று வேண்டும் என்பதே அது. கடைக்காரர் ஒரு தொகை சொல்கிறார். பிள்ளை வேறொரு தொகை சொல்கிறான். வீட்டுச் சேமிப்போ இரண்டிற்கும் கீழே நிற்கிறது. விளையாட்டு நன்மையா தீமையா என்னும் வழக்கை நாம் இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அது அவரவர் வீட்டு வழக்கு. வாங்குவது என்று முடிவான பின்னர், எந்த உறுப்பில் செலவைக் குறைக்கலாம், எதிற் குறைத்தால் போட்ட பணம் முழுவதும் பாழாகும் என்பதையே விளக்கப் புகுகின்றோம்.

சொற்களைப் பற்றி முதலில் சிறிது கூறிவிடுவோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, இப்பொறியின் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் நல்ல தமிழ்ப் பெயர் சூட்டும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் தில்லி நேரு பிளேசில் நின்றுகொண்டு, 'தாய்ப்பலகை என்ன விலை?' என்று வினவினால் விடை கிடைக்காது. ஆதலின் மதர்போர்டு, பிராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு என்று கடைவீதி அறிந்த பெயர்களையே ஆளுகின்றோம்.

திரையில் ஓடும் ஆட்டம் உண்மையில் ஓடுவது அன்று. ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படும் நிலைப்படங்கள் நொடிக்கு அறுபது என்னும் வேகத்தில் வந்து போவதால் ஓடுவதாகத் தோன்றுகிறது. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள மானிட்டரில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு அறுபது படம் எனில், ஒவ்வொரு நொடியிலும் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணித்துத் தீட்டவேண்டும். இந்தப் பெரும் பணியைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. எதிரி எங்கே நிற்கிறான், எறிந்த பந்து எங்கே விழும் என்பன போன்ற கணக்குகளைச் செய்து, இன்னதை வரைக என்று ஏவுவது பிராசசர். ஏவுபவன் எத்துணை விரைவாக ஏவினும், தீட்டுபவன் மெல்லத் தீட்டினால் படம் தயங்கித் தயங்கியே வரும். இதனால், மானிட்டரை நீக்கி எஞ்சிய தொகையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கைக் கிராபிக்ஸ் கார்டுக்கென ஒதுக்கிவிட்டு, எஞ்சிய மூன்று பங்கில் மற்ற யாவற்றையும் அடக்குவதே முறை. நம் மக்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றனர். பிராசசரின் பெயரில் மயங்கிப் பணத்தை அங்கே கொட்டிவிட்டு, கார்டுக்குப் பணமின்றி நிற்கின்றனர்.

மானிட்டரைத் தேர்வதிலேயே சிக்கனம் தொடங்கிவிடுகிறது. 4கே எனப்படும் திரையில் 82 லட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளிகள். அதாவது மேலே கூறியதைப்போல் நான்கு மடங்கு. யானையை வாங்கியவன் அதன் தீனிக்கும் வழி காணவேண்டும் அன்றோ? குறைந்த முதலில் தொடங்குவோர் 1080 அளவோடு நிற்பதே தக்கது. வீட்டில் அவ்வளவுள்ள தொலைக்காட்சிப் பெட்டி இருந்து, அதில் எச்.டி.எம்.ஐ. துளையும் இருக்குமானால், முதல் ஆறு மாதம் அதையே திரையாகக் கொண்டு அச்செலவைத் தள்ளிப்போடவும் கூடும்.

அடுத்து, பிள்ளை எந்த ஆட்டத்தை ஆடுகிறான் என்று கேட்டறிதல் வேண்டும். 2020இல் வெளிவந்த வேலோரண்ட் போன்றவை எளிய பொறிகளிலும் ஓடுமாறு ஆக்கப்பட்டவை. இத்தகையவை மட்டுமே போதும் எனில், தனி கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. ரைசன் 5 5600ஜி, அதற்குப் பின் 2024இல் வந்த 8600ஜி முதலிய பிராசசர்கள் வரையும் திறனைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன. இவ்வகையில் ஒரு நுட்பம் உண்டு. இவற்றிற்குத் தனி நினைவகம் இல்லாமையால், பொறியின் பொது ராமையே பங்கிட்டுக் கொள்கின்றன. ஆகவே 16 ஜி.பி. ராமை ஒரே துண்டாக வாங்காமல், எட்டெட்டாக இரு துண்டுகள் வாங்கிப் பொருத்துக. இரு வழிகளில் ஒருங்கே தரவு செல்வதால் படங்களின் வேகம் கண்கூடாகப் பெருகும். பின்னர் பணம் சேரும்போது தனிக் கார்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரிய ஆட்டங்கள் வேண்டுவோர்க்குத் தனிக் கார்டு இன்றியமையாதது. 2021இல் வந்த ஆர்.எக்ஸ். 6600, 2025இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5050 போன்றவை 1080 திரைக்குப் போதுமானவை. இரண்டும் 8 ஜி.பி. நினைவகம் உடையவை. இந்த 8 ஜி.பி.க்குக் கீழே இறங்கலாகாது என்பது நம் கருத்து. இங்கேதான் பெயரைக் கண்டு ஏமாறும் இடங்கள் மிகுதி. ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் 2022இல் 8 ஜி.பி. கார்டு வந்தது, 2024இல் 6 ஜி.பி. கார்டு வந்தது. பின்னது நினைவகத்தில் மட்டுமன்றிக் கணிக்கும் உறுப்புகளின் எண்ணிக்கையிலும் குறைந்தது: 2560க்குப் பதில் 2304. ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரிலும் அவ்வாறே 2304 உறுப்புடையதும் 2048 உறுப்புடையதும் உலவுகின்றன. ஜி.டி. 730 என்பது 2014ஆம் ஆண்டின் சரக்கு. அதனை 'கேமிங் கார்டு' என்று கூறி ஒரு பொறியில் வைத்து விற்பாராயின், அக்கடையை விட்டு வெளியேறுதலே நன்று.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம்; சிக்கனத்திற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் ஒரு வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும். எதீரியம் என்னும் மின்பணத்தை ஈட்டும் பொருட்டு, ஆயிரக்கணக்கான கார்டுகள் அல்லும் பகலும் ஓட்டப்பட்டன. 2022 செப்டம்பரில் அம்முறை மாற்றப்பட்டவுடன் அவை யாவும் வேலையிழந்து சந்தைக்கு வந்தன. அவற்றுள் விசிறி தேய்ந்தனவும், நினைவகம் நலிந்தனவும் உண்டு. எனவே பணம் கொடுக்குமுன், விற்பவர் எதிரிலேயே கனமான ஆட்டம் ஒன்றை அரைமணி நேரம் ஓட்டச் செய்து, திரையில் வண்ணக் கட்டங்களோ கோடுகளோ தெறிக்கின்றனவா, விசிறி உறுமுகிறதா என்று காண்க. ஜி.பி.யூ.-இசட் என்னும் இலவச மென்பொருள் கார்டின் உண்மை விவரங்களைக் காட்டும், அதனையும் பார்க்க. சோதிக்க விடாதவரிடம் வாங்காமை நலம்.

பிராசசரைப் பொறுத்தவரை, ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப், ரைசன் 5 5600 ஆகிய ஏதேனும் ஒன்று மேற்கூறிய கார்டுகளுக்குப் போதும். இவை 2022இல் வந்தவை. புதியன அல்ல என்பதாலேயே விலை தணிந்தவை. இன்டெல் பெயரின் இறுதியில் வரும் 'எஃப்' என்னும் எழுத்து, அதனுள் வரையும் உறுப்பு இல்லை என்பதைக் குறிக்கும். தனிக் கார்டு வாங்குவோர்க்கு அக்குறை ஒரு குறையன்று, விலைதான் குறையும். கார்டு வாங்காதவர் எஃப் வாங்கினால் திரையில் ஒன்றும் தோன்றாது. இவற்றின் பெட்டிக்குள்ளேயே குளிர்விக்கும் விசிறி வருவதால் தனி விசிறிக்குச் செலவிட வேண்டுவதில்லை.

'ஐ7 பொறி, மிக மலிவு' என்னும் விளம்பரங்களைக் காணும்போது, எத்தனையாவது தலைமுறை என்று கேட்க மறவாதீர். ஐ7-2600 என்பது 2011ஆம் ஆண்டுப் பிராசசர். இன்றைய ஐ3 அதனை எளிதில் விஞ்சும். அன்றியும், விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது; விண்டோஸ் 11ஓ இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றைப் பொதுவாக ஏற்பதில்லை. மலிவென்று வாங்கியது முதல் நாளிலேயே முதுமையடைந்ததாக இருக்கும்.

மதர்போர்டில் தாராளமாகக் குறைக்கலாம். எச்610, பி450 போன்ற எளிய வகைகளே மேற்சொன்ன பிராசசர்களுக்குப் போதும். எஸ்.எஸ்.டி. 500 ஜி.பி. அளவில் தொடங்கலாம், நிறைந்தபின் இன்னொன்று சேர்க்கலாம். ராமின் விலை மட்டும் எவரும் எதிர்பாராதவாறு 2025இன் இறுதியில் கடுமையாக ஏறிற்று. செயற்கை அறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதே காரணம். டி.டி.ஆர்.4 ராம் பொறுத்திய பழைய பொறி ஏதேனும் வீட்டிலிருந்தால், அந்த ராமைக் கழற்றிப் பயன்படுத்தும் வழியை முதலில் ஆராய்க. இவ்வாறு விலைகள் ஏறி இறங்குவதாலேயே நாம் எதற்கும் ரூபாய்க் கணக்குத் தரவில்லை.

இனி எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிக்கு வருவோம். பார்வைக்கு ஓர் இரும்புப் பெட்டி. பிள்ளைகள் அதன் பெயரையும் சொல்வதில்லை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக்கி உறுப்புகளுக்கு ஊட்டுவது இதுவே. 'கேபினெட் வாங்கினால் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். இலவசம்' என்று கடைகளில் சொல்வதுண்டு. அந்த 450ஐ நம்புமுன், பெட்டியின் பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையைப் படிக்கவேண்டும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது 12 வோல்ட் மின்சாரத்தையே. அதற்கு நேரே 16 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால், பன்னிரண்டையும் பதினாறையும் பெருக்குக: 192 வாட். முகப்பில் உள்ள 450 வெறும் அலங்காரம். 37 ஆம்பியர் என்றிருந்தால் 444 வாட். அது மெய்யான 450.

நமக்கு வேண்டுவது எவ்வளவு? மேற்கூறிய கார்டு ஏறக்குறைய 130 வாட் கொள்ளும். ஐ3-12100எஃப் உச்சத்தில் 89 வாட் கொள்ளும். மற்றவற்றிற்கு ஐம்பது என்று வைத்தால் 270 வாட். ஆகவே நல்ல தரமுள்ள 450 அல்லது 500 வாட் போதும். கடைக்காரர் 750 வாட் வேண்டும் என்று கூறினால் அது வீண் செலவு. ஆனால் தரத்தில் விட்டுக்கொடுத்தல் ஆகாது. 80 பிளஸ் என்னும் முத்திரை மின்சாரம் வீணாகாத தன்மைக்குச் சான்று. ஐந்தாண்டு உத்தரவாதம் உழைப்புக்குச் சான்று. இரண்டும் உள்ளதைத் தேர்க. மின்னழுத்தம் எகிறும்போது நல்ல எஸ்.எம்.பி.எஸ். தன்னை நிறுத்திக்கொள்ளும், மட்டமானது தான் எரிவதோடு நில்லாமல் மதர்போர்டையும் கார்டையும் உடன் அழைத்துச் செல்லும். இதில் மிச்சம் பிடித்த ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்காக மொத்த முதலையும் இழந்த குடும்பங்களை நாம் அறிவோம்.

பழைய குடியிருப்புகளில் வாழ்வோர் இன்னொன்றையும் கவனிக்க. கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீரென்று உறைக்குமாயின், சுவர்த்துளையில் எர்த் இணைப்பு இல்லை என்பது பொருள். பொறி வாங்குமுன் மின் பணியாளரை அழைத்து அதனைச் சரிசெய்தல் வேண்டும்.

கேபினெட்டைப் பற்றி நீளப் பேசவேண்டுவதில்லை. வண்ண விளக்குகளுக்காகப் பணம் கொடுத்தல் வேண்டா. முகப்பு முழுதும் கண்ணாடியால் மூடப்பட்டிருந்தால் காற்று புகாது. தில்லிக் கோடையில் அது அடுப்பாகும். வலைமுகப்பு உள்ளதே ஏற்றது. மாதம் ஒருமுறை தூசி தட்டினால் போதும்.

வாங்குமிடம் தில்லியில் நேரு பிளேசு, மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, கொல்கத்தாவில் சாந்தனிச் சந்தை எனப் பலரும் அறிந்ததே. மூன்று கடைகளில் எழுத்து மூலம் விலை வாங்கி ஒப்பிடுக. இணைய வணிக விலையையும் உடன் வைத்துப் பார்க்க. 'பில் இல்லாமல் என்றால் இன்னும் குறையும்' என்று மெல்லிய குரலில் சொல்வோர் உண்டு. 18 விழுக்காடு வரி மிச்சமாவதுபோல் தோன்றும். வரி ஏய்ப்புக்கு உடந்தையாவது ஒருபுறமிருக்க, பில் இல்லாத கார்டு பழுதானால் உத்தரவாதம் கேட்க ஆதாரம் இராது. ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணும் பில்லில் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து, அதன் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொள்க. இறக்குமதிச் சரக்கு எனில் இந்தியாவில் உத்தரவாதம் உண்டா என்றும், எந்தெந்த ஊரில் சேவை நிலையம் உண்டென்றும் கேட்க. இன்று தில்லியில் வாங்கியவர் ஈராண்டில் ராஞ்சியிலோ குவாஹாத்தியிலோ இருக்கக்கூடும்.

மென்பொருளிலும் சிக்கனம் உண்டு. லினக்ஸ் இலவசம், 2018இல் வால்வு நிறுவனம் வெளியிட்ட புரோட்டான் வாயிலாக, விண்டோசுக்கென எழுதப்பட்ட ஆட்டங்கள் பலவும் அதில் ஓடுகின்றன. ஆனால் வேலோரண்ட் ஓடாது. பிள்ளை விரும்புவது அதுவே எனில் விண்டோசுக்கும் ஒரு தொகை எடுத்துவைத்தாக வேண்டும்.

மாற்றல் உத்தரவு வந்து வீட்டைக் காலி செய்வோர்க்கு ஒரு சொல். கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தியபடியே கேபினெட்டை லாரியில் ஏற்றினால், குலுங்கும் வழியில் அதன் கனம் தாங்காது மதர்போர்டின் துளை பிளந்துபோகக்கூடும். மின்னிணைப்பை நீக்கி, துளையின் ஓரத்திலுள்ள சிறு பூட்டை விடுவித்துக் கார்டைக் கழற்றி, அது வந்த பெட்டியிலேயே வைத்து, ரயிலில் கைப்பையோடு கொண்டுசெல்க. அதற்காகவே அந்த வெற்றுப் பெட்டியைப் பழைய தாள் வாங்குபவரிடம் போட்டுவிடாமல் பரண்மேல் வைத்திருத்தல் வேண்டும்.