பட்ட மரத்துக்குள்ளே

வரப்போரத்து வேம்பு பட்டுப்போனால் விறகு நினைப்புதான் முதலில் வரும். சொந்த நிலம், சொந்த மரம். ஆள் விட்டு அறுத்துப் போட்டால் பல மாதம் அடுப்பெரியும். நியாயமான நினைப்புதான். ஆனாலும் கோடாலியை எடுக்குமுன் அந்த மரத்தை ஒருமுறை சுற்றி வந்து பார்க்க வேண்டும். பட்ட பிறகுதான் அதற்குள் பல காரியங்கள் தொடங்குகின்றன.

பச்சையாக நிற்கும் மரத்திலும் பெரும்பகுதி செத்ததே. வேரிலிருந்து உச்சிக்கு நீரேற்றும் குழாய்ச் செல்கள், செத்து உள்ளீடற்றுப் போன பின்பே வேலைக்கு வருகின்றன. நடுவில் இருக்கும் வைரம் முழுவதும் உயிரற்ற கட்டை. அடிமரத்தில் உயிர் இருப்பது உட்பட்டையிலும், அதை ஒட்டிய மெல்லிய வளர்படையிலும், வெளிமரத்தில் அங்கங்கே கிடக்கும் செல்களிலும்தான். மரம் படுவது என்றால் இந்த மெல்லிய அடுக்கு மடிவது. அதுவரை மரத்தின் எதிர்ப்பால் வெளியே நின்றவை எல்லாம் அதன்பின் உள்ளே நுழைகின்றன.

பட்டு ஓராண்டு ஆன மரத்தில் கழன்று நிற்கும் பட்டையை நெம்பிப் பாருங்கள். கட்டையின் மேல் யாரோ உளி கொண்டு செதுக்கியதுபோல் வளைந்து வளைந்து தடங்கள் ஓடும். ஓரிடத்தில் நூலளவு தொடங்கிப் போகப்போக அகலமாகும். வண்டின் புழு தின்றபடி வளர்ந்த பாதை அது. புழு பருக்கப் பருக்கப் பாதையும் பருத்திருக்கிறது. அதில் அடைந்திருக்கும் மாவு, புழு தின்று கழித்த மரம். பக்கத்திலேயே வெள்ளை இழைகள் ஒட்டியிருந்தால் பூஞ்சையும் வந்துவிட்டது.

மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னினை முழுதாகச் சிதைக்கத் தெரிந்த உயிர்கள் மிகச் சிலவே. வெண்ணழுகல் பூஞ்சைகள் அதில் கைதேர்ந்தவை. நம் வயல்களில் புற்றுக் கட்டும் கறையான்கள் அந்த வேலையைப் பூஞ்சையிடமே ஒப்படைத்துவிட்டன. மரத்தைக் கொறித்துக் கொண்டுபோய்ப் புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் போடுகின்றன. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வருவது.

என்னை வியக்கவைப்பது இதுதான்: பூஞ்சை மரத்தைத் தின்று கடைசியில் வெளிவிடுவது கரியமில வாயுவும் நீரும் சிறிது வெப்பமும். அடுப்பிலும் அதே வினைதான் நடக்கிறது. அடுப்பு ஒரு மணி நேரத்தில் முடிப்பதைப் பூஞ்சை பல ஆண்டுகளில் முடிக்கிறது. உளுத்த விறகு கையில் லேசாக இருப்பதும் சூடு தராமல் போவதும் அதனால்தான். எரிய வேண்டியதில் பாதி ஏற்கெனவே எரிந்துவிட்டது. பச்சை விறகோ வேறு வகையில் ஏமாற்றும். அதன் எடையில் ஏறக்குறைய பாதி நீர். ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்க மட்டும் 540 கிலோகலோரி செலவாகும். நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகு தருவதே சுமார் 4,000 கிலோகலோரி. காய்ந்து, ஆனால் உளுக்காமல் இருக்கும் காலமே விறகுக்கு ஏற்றது. நிற்கும் மரத்தில் கிளைகள் முதலில் காயும். தூர்ப்பகுதி மண் ஈரத்தோடு நெடுநாள் இருக்கும்.

பனையும் தென்னையும் நேர்மாறு. அவற்றில் வைரம் வெளிப்புறத்தில், சோறு உள்ளே. பட்டபின் உள்சோறு முதலில் மட்கி, தலை போன மொட்டைமரம் மேலிருந்து குழாயாகிறது. பனங்காடையும் பச்சைக்கிளியும் தேடுவது இதைத்தான். மற்ற மரங்களில் பொன்முதுகு மரங்கொத்தி பூஞ்சை இளக்கிவிட்ட இடமாகப் பார்த்துக் கொத்திப் பொந்து குடையும். அது விட்டுப்போன பொந்தில் மைனா, கிளி, புள்ளி ஆந்தை என்று அடுத்தடுத்துக் குடியேறும். அந்த ஆந்தை வயலில் எலியும் பிடிக்கும். பின்லாந்துக் காடுகளில் வாழும் உயிரினங்களில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை பட்ட மரத்தை நம்பியிருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

வெட்டத்தான் வேண்டுமென்றால் கோடாலியின் பின்புறத்தால் தட்டிக் கேளுங்கள். கணீரென்றால் கட்டை, பொத்தென்றால் பொந்து. பச்சை மரம் சாயும்போது கடைசியில் விடும் கட்டை வளைந்து கொடுத்து மரத்தை மெல்ல இறக்கும். பட்ட மரத்தில் அது சட்டென முறியும்; எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. வெட்டும் அதிர்விலேயே மேலிருக்கும் காய்ந்த கிளை தலையில் விழலாம். பழகிய ஆள் இல்லாமல் இறங்கக் கூடாத வேலை. சந்தன மரமென்றால் பட்டா நிலத்தில் பட்டு நின்றாலும் வனத்துறையிடம்தான் போக வேண்டும். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது.

வீடு, தொழுவம், நடைபாதை பக்கத்தில் நின்றால் யோசிக்காமல் இறக்கிவிடலாம். வரப்பில் தனியே நிற்பதென்றால் கிளைகளை மட்டும் விறகுக்கு எடுத்துக்கொண்டு அடிமரத்தை விட்டுவைப்பேன். கிளை போனால் காற்றும் பிடிக்காது. அதையும் தை முதல் வைகாசி வரை தொட மாட்டேன். பெரும்பாலான பொந்துப் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம். தென்னந்தோப்பில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. மட்கும் தென்னங்கட்டையில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வளர்ந்த வண்டு பக்கத்து மரத்தின் குருத்தைத் துளைக்கும். அங்கே பட்ட தென்னையைச் சாய்த்துப் பிளந்து உடனே எரித்துவிடுவதே சரி.