கைக்குழந்தையின் இடுப்பு மூட்டு

கைக்குழந்தை தன் நோவை வாய்விட்டுச் சொல்ல இயலாது. ஒரு காலை மட்டும் உதைக்காமல் வைத்துக்கொள்ளும். துணி மாற்றும்போது வீறிட்டு அழும். காய்ச்சல்கூடச் சில வேளைகளில் இராது. சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவி உருவி விடுவோரும் உண்டு. அந்தச் சில நாட்களுக்குள் இடுப்பு மூட்டு ஒன்று அழிந்துபோகக்கூடும். அஃது எவ்வாறு அழிகிறது, அழிந்தபின் அறுவை சிகிச்சையால் என்ன செய்ய இயலும் என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

இடுப்பு மூட்டு, கிண்ணத்திற் பொருந்திய பந்து போன்றது. தொடை எலும்பின் தலையே பந்து. இடுப்பெலும்பிலுள்ள குழியே கிண்ணம். இரண்டையும் சுற்றி உறுதியான உறை ஒன்று உண்டு. தொடை எலும்பின் கழுத்தும் பெரும்பாலும் இவ்வுறைக்குள்ளேயே அமைந்திருக்கிறது. ஆகவே, இரத்தத்தின் வழியே வந்த கிருமி கழுத்தில் தங்கிச் சீழ்பிடித்தால், அச்சீழ் மூட்டுக்குள்ளேயே உடைந்துவிடுகிறது. கழுத்திற்கும் தலைக்கும் இடையேயுள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு பிற்காலத்தில் தடுப்புச் சுவர்போல் நிற்கும். முதல் ஓராண்டு, ஒன்றரையாண்டில் இரத்தக் குழாய்கள் அதைக் கடந்து செல்வதால், கிருமிக்கும் அங்கே வழி கிடைக்கிறது.

சீழ் பெருகப் பெருக உறை விம்மி, பந்து கிண்ணத்தை விட்டு வெளியே தள்ளப்படும். அதே அழுத்தம் தலைக்குச் செல்லும் மெல்லிய இரத்தக் குழாய்களை நெரிக்கும். சீழோ குருத்தெலும்பைக் கரைக்கும். லண்டன் நகரின் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் ஸ்மித், சிசுக்களின் இந்நோயைப் பற்றி 1874-ல் எழுதினார். அவர் விவரித்த 21 குழந்தைகளுள் 13 பேர் மாண்டனர். பெனிசிலின் முதலிய மருந்துகள் வந்தபின் உயிர்ச்சேதம் மிகக் குறைந்தது. ஆயினும் மருந்து மட்டும் போதாது. ஐயம் தோன்றியதுமே ஊசி செலுத்தி மூட்டு நீரை எடுத்துப் பார்த்து, சீழாயின் தாமதமின்றி உறையைத் திறந்து கழுவிவிட வேண்டும்.

காலம் கடந்து வரும் குழந்தையின் நிலை வேறு. கால் குட்டையாகி, நடை சாய்ந்திருக்கும். எக்ஸ்ரே படத்தில் எலும்பின் தலையே தென்படாது. அதைக் கண்டதும் தலை அழிந்துவிட்டது என்று தீர்ப்பளிப்பது தவறு. சிறு குழந்தையின் தலை பெரும்பாலும் குருத்தெலும்பே. குருத்தெலும்போ எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. மூட்டுக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் படமோ, அல்ட்ராசவுண்டோ, எம்.ஆர்.ஐ. படமோ அங்கே ஒளிந்திருக்கும் தலையைக் காட்டக்கூடும். சிகிச்சை முழுவதும் இந்த ஒரு கேள்வியின் விடையைப் பொறுத்தது.

தலை மிஞ்சியிருந்தால், மூட்டைத் திறந்து, கிண்ணத்தை அடைத்துள்ள நார்த் தசையை நீக்கித் தலையை உள்ளே வைப்பர். சில சமயம் தொடை எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுப்பதும் உண்டு. குட்டையான காலை மேலும் குறைப்பதா என்று நீங்கள் வியக்கலாம். சுருங்கிய தசைகளை மீறித் தலையைக் கீழே இழுத்து வைத்தால், அவற்றின் இறுக்கம் அதை அழுத்தி மறுபடியும் இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். கிண்ணம் ஆழமற்றிருந்தால், டொராண்டோ நகரத்து ராபர்ட் சால்ட்டர் 1961-ல் வெளியிட்ட முறைப்படி இடுப்பெலும்பை வெட்டித் திருப்பி, தலைக்குக் கூரை அமைக்கலாம். பின்னர்ச் சில வாரங்கள் மாவுக்கட்டு.

தலை அறவே போய்விட்டால், தொடை எலும்பின் பக்கத்து மேட்டைக் கிண்ணத்தில் அமர்த்தும் முறை ஒன்று உண்டு. அதன் பலன் ஒரே சீராக இருப்பதில்லை. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொடை எலும்பை மேற்புறத்தில் வெட்டிக் கோணமாக்கி இடுப்புக்கு முட்டுக்கொடுப்பர். கீழ்ப்புறத்தில் மற்றொரு வெட்டு வைத்து, சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசாரோவ் வகுத்த வளையக் கருவியால், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராகக் காலை நீட்டுவர்.

நோவின்றி நன்கு அசையும் மூட்டை, படத்தில் அழகாகத் தெரிய வேண்டுமென்பதற்காகத் திறந்து விறைக்கச் செய்வதை நான் விரும்புவதில்லை. அத்தகைய பிள்ளைக்கு அடி உயர்த்திய செருப்பே பல ஆண்டுகளுக்குப் போதும். வளர்ச்சி முடியும்வரை அவ்வப்போது இரு கால்களையும் அளந்து, செருப்பின் உயரத்தை மாற்றி வரவேண்டும்.