நாக்கின் தராசு – 11: ஆரஞ்சு என்று நினைத்தது மல்லி

வெள்ளை கோதுமை பியரின் கலங்கலைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பெல்ஜியத்தின் ஹூகார்டன் கிராமத்தில் 1950களில் கடைசி ஆலையும் மூடப்பட்டதும், அடுத்த பத்தாண்டில் பால்காரர் பியேர் செலிஸ் அந்த வெள்ளை பியரை மறுபடி காய்ச்சத் தொடங்கியதும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். திரும்பச் சொல்ல இடமில்லை. கலங்கலும் அடுத்த வாரத்துக்குப் போகிறது. மல்லி விதை வந்து முழு இடத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

இந்த பியரில் தானியத்தின் ஏறக்குறைய பாதி முளைகட்டாத கோதுமை. மீதி முளைகட்டி உலர்த்திய பார்லி. கசப்பு தரும் ஹாப்ஸ் பூ கொஞ்சம்தான். அதற்கு மேல் இரண்டு வாசனைச் சரக்குகள்: மல்லி விதை, கசப்பு ஆரஞ்சின் காய்ந்த தோல். என்ன மணக்கிறது என்று குடிப்பவரைக் கேட்டால் ஆரஞ்சு என்பார். தோல் போட்டிருக்கிறார்கள், ஆரஞ்சு மணக்கிறது. கணக்கு முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் மிகப் பெரும்பகுதி லிமோனீன் என்ற மணப்பொருள். அது தண்ணீரில் கரைய மறுக்கும். கொதிக்கும் அண்டாவிலிருந்து ஆவியோடு போய்விடும். காய்ந்த தோல் பியரில் விட்டுச் செல்வது மணத்தைவிடக் கசப்பைத்தான். மல்லி விதை எண்ணெயிலோ பாதிக்கு மேல் லினலூல். பூவுக்கும் எலுமிச்சைக்கும் நடுவே நிற்கும் மணம் அது. கூடவே சிறிதளவு ஜெரானியோல், ரோஜா மணமுடையது. நொதிக்கும்போது ஈஸ்ட் அதில் ஒரு பங்கை சிட்ரோனெல்லோலாக மாற்றி, எலுமிச்சைப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறது. ஆக, மூக்கு ஆரஞ்சு என்று பெயர் சொல்வதில் நல்ல பங்கு மல்லிக்கு உரியது. நம் மூக்கு இதை ஏற்கத் தயங்கும். நம் சமையலறைக்குப் பழகியது வறுத்த மல்லி. வாணலிச் சூட்டில் அதன் பூமணம் அடங்கி, வறுபட்ட மணம் மேலேறிவிடுகிறது. பியரில் போடுவது வறுக்காத விதை, ஒன்றிரண்டாகத் தட்டி, கொதி முடியும் கடைசி நிமிடங்களில். வீட்டில் காய்ச்சுவோர் 20 லிட்டருக்கு 15, 20 கிராம் போடுவார்கள். ஒரு குடும்பத்துக்குக் குழம்பு அரைக்க எடுப்பதைவிட அது பெரிதாக அதிகமில்லை.

எந்த ஊர் மல்லி என்பதும் முக்கியம். அமெரிக்காவின் பியர் நடுவர் சான்றிதழ் அமைப்பு, பி.ஜே.சி.பி., இந்த வகைக்கு எழுதியுள்ள இலக்கணத்தில், சில இடத்து மல்லி பன்றி இறைச்சி வாடையோ செலரி வாடையோ தந்து கெடுக்கும் என்று எச்சரிக்கிறது. பியர் நூல்கள் பல எழுதிய ராண்டி மோஷர் ஒரு படி மேலே போய், உருண்டையான சாதாரண விதையை விட்டுவிட்டு, இந்தியக் கடைகளில் கிடைக்கும் பெரிய, வெளிறிய, நீள்வட்ட விதையைத் தேடச் சொல்கிறார். உருண்டை விதையில் பொதுவாக எண்ணெய் அதிகம். எண்ணெய் அதிகமானால் மணம் மேல் என்றுதானே நினைப்போம்? இந்த பியரில் அந்தக் கணக்கு செல்லாது. கோதுமையின் மாவுச் சுவையும் மெல்லிய புளிப்பும் தாங்குகிற அளவுக்குத்தான் மணம் இருக்கலாம். அதைத் தாண்டினால் மறைக்க இங்கே ஒன்றுமில்லை: வறுத்த தானியத்தின் கருமை இல்லை, ஹாப்ஸின் கடுங்கசப்பு இல்லை, சாராய அளவும் 5 சதவீதத்தை ஒட்டித்தான்.

என் வாதம் இதிலிருந்துதான் வருகிறது. முதல் முகர்விலேயே மல்லி தனியாக எழுந்து நின்றால் போட்டியில் அந்த பியருக்கு மதிப்பெண் குறைய வேண்டும். அதையே காரணம் காட்டிக் கூட்டித் தருவது தவறு. பி.ஜே.சி.பி. மதிப்பெண் தாளில் மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த நிறைவுக்கு 10. வாசனையும் சுவையும் சேர்ந்து 32. வரிசையாகப் பல கோப்பைகளைச் சுவைக்கும் நடுவரின் மூக்கு களைத்துப்போகும். களைத்த மூக்குக்கு உரக்கப் பேசும் கோப்பைதான் கேட்கும். அதற்கு 32இல் அள்ளிக் கொடுத்துவிட்டால், அளவறிந்து காய்ச்சியவர் தோற்றுப்போவார். மென்மையான வகையைக் கூட்டத்தின் கடைசியில் வைக்காமல் முதலில் சுவைப்பது இதனால்தான் நல்ல வழக்கம்.

மல்லி தனித்துத் தெரியக் கூடாது என்றால் எதற்குப் போட வேண்டும் என்று கேட்கலாம். பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறோம். யாரும் உப்பைச் சொல்வதில்லை. போடாவிட்டால் இனிப்பு மொட்டையாக நிற்கும். மல்லி இல்லாத கோதுமை பியரும் அப்படித்தான், மாவு கரைத்த நீரின் சாயலோடு நிற்கும். இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: சுவை அவரவர் நாக்கைப் பொறுத்தது, மல்லி தூக்கலாக இருப்பது பிடித்தவருக்கு அது குறையா? பிடிக்கட்டும், குடிக்கட்டும். ஆனால் நடுவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி தனக்குப் பிடித்ததா என்பதல்ல. காய்ச்சியவர் எந்த வகை என்று எழுதி அனுப்பினாரோ, அந்த வகையின் இலக்கணத்தில் கோப்பை நிற்கிறதா என்பது. அந்த இலக்கணம் மசாலா மிகாமல் அடங்கி நிற்க வேண்டும் என்கிறது. போட்டியில் ஒரே கோப்பையை ஒன்றுக்கு மேற்பட்ட நடுவர்கள் சுவைத்து, எண்களை ஒப்பிட்டுப் பேசி முடிவுக்கு வருவதும் தனி நாக்கின் சாய்வைக் குறைக்கத்தான்.

கோப்பை விளிம்பில் ஆரஞ்சுத் துண்டு செருகித் தரும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. கொதிக்காத பச்சைத் தோலின் எண்ணெய் நுரையில் பட்டதும் மல்லியின் நுட்பம் முழுதும் மூடிப்போகிறது. பழைய சரக்கின் குறையும் அதோடு மறைந்துவிடுகிறது, இந்த பியர் சீக்கிரம் வாடக்கூடியது என்பதால் அது சின்ன விஷயமல்ல. மதிப்பிடுகிறவர் துண்டை எடுத்துவிட வேண்டும், புட்டியின் தேதியைப் பார்க்க வேண்டும், பனிக்கட்டிக் குளிர்ச்சி தணியும் வரை கோப்பையை உள்ளங்கைகளில் பிடித்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் கலங்கலும், முடிந்தால் கரீபியன் கடலின் கியூரசாவ் தீவில் விளையும் கசப்பு ஆரஞ்சும். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். மது தொடாதவர்களும் செய்யலாம். அஞ்சறைப்பெட்டியிலிருந்து வறுக்காத மல்லி நாலைந்து எடுத்து, அம்மியிலோ கரண்டி முதுகாலோ நசுக்கி, உடனே முகர்ந்து பாருங்கள்.